அந்திக்கு வந்தவனின் கூலி

பொழுது புலரும் வேளையில் நாற்சந்தியிலே வேலை தேடி வந்து நிற்கும் கூலியாட்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். தோளிலே மண்வெட்டி, கையிலே மதிய உணவுப் பொட்டலம், வருவோர் போவோர் முகத்தையெல்லாம் நோக்கும் கண்கள். வேலி அடைக்க ஆள் கேட்டு ஒருவர் வருவார்; கல் ஏற்றுவதற்கு ஆள் கேட்டு இன்னொருவர் வருவார். உடல் வலியுடையவர்கள் முதலிலே தெரிந்தெடுக்கப்படுவார்கள். வெயில் ஏற ஏறக் கூட்டம் குறையும். ஆயினும் நண்பகலிலும் அவ்விடத்தை விட்டு அகலாமல் இரண்டொருவர் நிற்பர். அவர்கள் சோம்பேறிகளல்லர், வெறுங்கையோடு வீடு செல்ல மனமில்லாதவர்கள்.

இத்தகைய ஒரு காட்சியை வைத்தே இயேசு பெருமான் ஓர் உவமை சொன்னார். மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலே அது உள்ளது. விண்ணரசைப் பற்றிய உவமையாகவே அங்கு அது சொல்லப்படுகிறது. காலந்தாழ்த்தி இறைவனை நாடுவோர்க்கும் அவனருள் குறைவின்றிக் கிட்டும் என்பதே அதன் பொருள் எனச் சமயவாணர் பலர் விளக்குவர். அவ்விளக்கத்தை மறுப்பது என் நோக்கமன்று. எனினும், விண்ணரசைக் காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு கூலிக் கணக்கு. அந்தக் கூலிக் கணக்கு நம்முடைய வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் என்ன சொல்லுகின்றது என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

கதை எளியது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போகிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி என்று பேசி ஆட்களை அழைத்து வருகிறார். காலை ஒன்பது மணியளவில் மீண்டும் போகிறார். அங்கே நின்றோரைக் கண்டு, நியாயமானதைத் தருவதாகச் சொல்லி அவர்களையும் அனுப்புகிறார். நண்பகலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அவ்வாறே செய்கிறார். மாலை ஐந்து மணிக்கு ஐந்தாம் முறையாகப் போகும்போதும் அங்கே சிலர் நிற்கின்றனர். நாள் முழுதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று வினாவுகிறார். எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பது அவர்கள் விடை. அவர்களும் தோட்டத்துக்குப் போகின்றனர்.

பொழுது சாய்கிறது. கூலி கொடுக்கும் நேரம். கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்குமாறு காரியக்காரனுக்குக் கட்டளை பிறக்கிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு தெனாரியம் பெறுகின்றனர். இதனைப் பார்த்து நிற்கும் காலைக் கூலியாட்களின் நெஞ்சிலே ஆசை மூளுகிறது. தமக்கு மிகுதியாகக் கிடைக்கும் என்று எண்ணுகின்றனர். அவர்கள் முறை வருகிறது. அவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம்! முணுமுணுப்பு எழுகிறது. பகலின் பாரத்தையும் வெயிலின் கொடுமையையும் தாங்கிய எங்களையும் இவர்களையும் சமமாக்கிவிட்டீரே என்று அவர்கள் குறைகூறுகின்றனர். தோட்டக்காரர் அவர்களுள் ஒருவனைத் தோழனே என்று விளித்து மறுமொழி கூறுகிறார். பேசிய கூலி உனக்குக் கிடைத்ததன்றோ? என் பொருளைக் கொண்டு நான் விரும்பியவாறு கொடுக்க எனக்கு உரிமையில்லையா? நான் நல்லவனாயிருப்பதால் உன் கண் பொல்லாததாக வேண்டுமா? இவையே அவர் கேட்ட கேள்விகளின் சாரம்.

நேயர்களே, உண்மையைச் சொல்லுவோம். இக்கதையை முதன்முதலிற் கேட்கும் எவருடைய மனமும் காலைக் கூலியாட்களின் பக்கமே சாயும். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கும் ஒரு மணி நேர உழைப்புக்கும் ஒரே விலையா? இது எந்த ஊர் நியாயம்? இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு நாம் மேலே செல்லலாகாது. ஆகவே முதலிற் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

தெனாரியம் என்பது உரோமப் பேரரசின் வெள்ளிக்காசு. நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த நிறையுடையது. அக்காலத்துச் சாதாரண கூலியாளுக்கு ஒரு நாட்கூலியாக அது அமைந்தது. ஒரு நாட்கூலியைக் கொண்டு என்ன வாங்கலாம்? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிசுனா என்னும் யூத நூலிலே ஏழைகளுக்கு உதவும் முறை பற்றிய ஒரு விதி காணப்படுகிறது. ஊர் விட்டு ஊர் செல்லும் ஓர் ஏழைக்கு, தெனாரியத்தில் 12இல் ஒரு பங்கு விலையுள்ள அப்பத்துக்குக் குறையாமற் கொடுத்தல் வேண்டும் என்பது அவ்விதி. ஒருவன் ஒரு நாள் உயிர் தாங்குவதற்கு வேண்டிய மிகக் குறைந்த உணவு அது.

இப்பொழுது அந்திக்கு வந்தவனின் கணக்கைப் பாருங்கள். சூரியோதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டு கூறாக்குவது அக்கால வழக்கம். அவன் உழைத்தது ஒரு கூறு. நூல் பிடித்தாற்போல் நியாயம் வழங்கினால் அவனுக்குரியது தெனாரியத்தில் 12இல் ஒரு பங்கு. அதாவது ஒரே ஓர் அப்பம். வழிப்போக்கனான ஏழைக்குத் தருமமாகக் கொடுக்கும் அதே அப்பம்! அதனை அவன் உண்டால் மனைவி மக்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பகிர்ந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் வேலை கிடைக்குமோ கிடையாதோ, அதுவும் தெரியாது. ஓய்வுநாளில் வேலையில்லை, நோயுற்ற நாளில் வேலையில்லை, வேண்டுவோர் இல்லாத நாளில் வேலையில்லை. ஆதலால் ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாளைக் கடப்பதற்கான தொகை. அதற்குக் குறைந்தால் அது கூலியாகாது, பிச்சையாகிவிடும்.

தோட்டக்காரர் மணிக்கணக்கை அறியாதவரல்லர். மணிக்கணக்கோடு வயிற்றுக் கணக்கையும் அறிந்தவர். காலையில் வந்தவன் வீட்டில் எத்தனை வாய்கள் காத்திருக்கின்றனவோ, அந்திக்கு வந்தவன் வீட்டிலும் அத்தனை வாய்கள் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவன் நாள் முழுதும் சும்மா நின்றது அவனுடைய குற்றமன்று. அவனை ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்கப்படாதவர் யாராயிருப்பர்? முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவராய், பார்த்தவுடன் வேண்டாமென ஒதுக்கப்படுவோராய் இருப்பர் என்று நாம் ஊகிக்கலாம். வேலை செய்வதன் களைப்பு ஒருவகை. வேலை கிடையாமல் நாள் முழுதும் நிற்பதன் களைப்பு வேறொருவகை. பின்னதற்குக் கூலி கொடுப்பாரில்லை.

இனி, உவமையிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காலையில் வந்தவர்களுக்கு முதலிற் கூலி கொடுத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பேசிய தெனாரியத்தை மகிழ்ச்சியோடு வாங்கி மடியில் முடிந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்திக்கு வந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதை அறிந்தே இரார். அவர்களுடைய மகிழ்ச்சி கெட்டதற்குக் காரணம் தம் கையிலிருந்த காசு குறைந்ததன்று. அயலான் கையிலிருந்த காசு கண்ணிற் பட்டதே. விடியற்காலையில் நல்ல கூலியாகத் தோன்றிய அதே தெனாரியம் மாலையில் அநியாயமாகத் தோன்றிவிட்டது. காசு மாறவில்லை, கண் மாறிவிட்டது. இதனாலேயே தோட்டக்காரர் கையைப் பற்றிப் பேசாமல் கண்ணைப் பற்றிப் பேசுகிறார்.

நம்முடைய அன்றாட வாழ்க்கையில் இந்தக் கண் எங்கெங்கு விழிக்கின்றது என்று பார்ப்போம்.

முதலில் வீடு. மூன்று பிள்ளைகளுள்ள ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நோயாளி. தாய் அவனுக்கு முட்டையும் பாலும் மிகுதியாகக் கொடுக்கிறாள். மற்றைப் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. அவர்களுக்குரியது அவர்கள் கோப்பையில் இருக்கிறது. எனினும் அவர்களுடைய பார்வை தம்பியின் கோப்பையிலேயே இருக்கும். சிறுபிள்ளைத்தனம் என்று நாம் சிரித்துவிடுகிறோம். அப்பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின், காணி பங்கிடும் நாளன்று அதே பார்வை திரும்பி வருகிறது. அப்பொழுது எவரும் சிரிப்பதில்லை. உடன்பிறந்தோர் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கின்றனர்.

மிகக் கடினமான ஒரு நிலையையே எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் மகனொருவன் ஊரை விட்டுப் போகிறான். மற்றொருவன் பெற்றோருடன் தங்கி, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை வேய்ந்து, கடைசி வரையும் அவர்களைப் பராமரிக்கிறான். நெடுங்காலத்தின் பின் போனவன் வருகிறான். தந்தை இருவருக்கும் காணியைச் சமமாக எழுதுகிறார். பகலின் பாரத்தையும் வெயிலின் கொடுமையையும் சுமந்தவனுக்கு நெஞ்சு எரியாதா? எரியும். அது மனித இயல்பு. அந்த எரிச்சலை ஏளனம் செய்யும் உரிமை நமக்கில்லை. உவமையின் தோட்டக்காரரும் முணுமுணுத்தவனைக் கடிந்து விரட்டவில்லை. தோழனே என்றே அழைக்கிறார். ஆனால் அவனிடம் ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்துகிறார். உனக்குரியதிலிருந்து ஏதேனும் எடுக்கப்பட்டதா? எடுக்கப்பட்டிருந்தால் நீதியைக் கேள்; எவரும் உன்னைக் குறை சொல்லார். எடுக்கப்படவில்லையாயின், உன் துயரத்துக்குக் காரணம் உன் நட்டமா, உன் சகோதரனின் பேறா? இந்த இரண்டையும் பிரித்தறிவதே இவ்வுவமை தரும் பயிற்சி. நட்டத்தைக் கண்டு வருந்துவது வேறு. பிறர் பேற்றைக் கண்டு வருந்துவது வேறு. முன்னதற்கு மருந்து நீதி. பின்னதற்கு எந்த நீதிமன்றத்திலும் மருந்தில்லை.

அடுத்தது வேலைத்தலம். நமது மலையகத் தோட்டங்களிலே நாள் வேலையைக் குறிக்க 'பேர்' என்ற சொல் வழங்குகிறது. ஒரு நாள் வேலை முழுமையாகப் பதிவானால் ஒரு பேர். நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் அரைப் பேர். மனிதருடைய பெயரே கூலியின் அளவாகிவிட்ட இச்சொல்லைச் சற்றே சிந்தியுங்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அரைப் பேர் விழுந்த மாலையில், அவளுடைய பிள்ளைகளுக்கு அரைப் பசியா எடுக்கும்? 2021ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னிருந்த நீண்ட போராட்டத்தின் அடியிலும் இக்கேள்வியே இருந்தது. இந்த வேலைக்கு என்ன விலை என்பது ஒரு கேள்வி. இந்த வேலையைச் செய்பவர் ஒரு நாள் வாழ என்ன வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. உவமையின் தோட்டக்காரர் இரண்டாவது கேள்வியையும் கேட்டவர். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் அவர் முழுப் பேர் போட்டார்.

இது வெறுங் கதையோடு நின்றுவிடவில்லை. ஆங்கில அறிஞர் ஜோன் ரஸ்கின் 1860ஆம் ஆண்டில் பொருளியல் பற்றி நான்கு கட்டுரைகளை ஒரு திங்களிதழில் எழுதினார். மலிவாக வாங்கி விலையாக விற்பதே பொருளியல் என்று நம்பியிருந்தோர் கொதித்தெழுந்தனர். தொடர் இடையில் நிறுத்தப்பட்டது. 1862இல் அது நூலாக வெளிவந்தது. அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் இவ்வுவமையிலிருந்து எடுத்தது. இந்தக் கடைசி மனிதனுக்கும் என்பது அதன் பொருள். 1904ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேக் நகரிலிருந்து டேர்பனுக்குப் புகைவண்டியிற் புறப்பட்ட காந்தியடிகளின் கையில் நண்பர் போலக் அந்நூலைக் கொடுத்தார். இருபத்து நான்கு மணி நேரப் பயணம். படிக்கத் தொடங்கியவர் நூலைக் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. சட்டத்தரணியின் தொழிலுக்கும் நாவிதரின் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே என்ற கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வாண்டிலேயே பீனிக்சு குடியிருப்பை அமைத்தார். அங்கு நிறமும் நாடும் பாராது எல்லோர்க்கும் மாதம் மூன்று பவுண் எனத் திட்டமிட்டார். 1908இல் அந்நூலின் சாரத்தைக் குசராத்தியில் எழுதி, அதற்குச் சர்வோதயம் என்று பெயரிட்டார்.

அந்தச் சொல் நம் தீவுக்கும் வந்தது. 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின, தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று அவர்களோடு கூடி உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்ஙனம் தொடங்கியது. அவர் பௌத்தர், காந்தியடிகள் இந்து, ரஸ்கின் கிறித்தவச் சூழலில் வளர்ந்தவர். சந்தைவெளியில் அந்தி வரை நின்ற ஒரு கூலியாளின் கதை மூன்று சமயங்களைக் கடந்து ஒரு கிராமத்துப் பாதையாக முடிந்தது வியப்பன்றோ?

இவ்விடத்திலே சிலர் ஓர் ஐயத்தைக் கிளப்புவர். என் பொருளை என் விருப்பப்படி கொடுப்பேன் என்று முதலாளி சொல்வதை ஏற்றால், தொழிலாளரை மனம்போனபடி நடத்துவதற்கு அது இடங்கொடாதா? கொடாது. தோட்டக்காரர் அச்சொல்லைச் சொன்னது பேசிய கூலியை முழுமையாகக் கொடுத்த பின்னர். ஒருவனுக்குக் குறைத்து மற்றொருவனுக்குக் கூட்டவில்லை. நீதி நிறைவேறிய இடத்துக்கு மேலேதான் அவருடைய தயை தொடங்குகிறது. நீதியைக் குறைத்துவிட்டுத் தயையைப் பேசுகிறவனுக்கு இவ்வுவமையிற் புகலிடமில்லை. அவர் அன்றைய கூலியை அன்று மாலையே கொடுத்தார் என்பதையும் மறத்தலாகாது. கூலியாளின் கூலி இரவு தங்கலாகாது என்பது மோசேயின் சட்டம். வேலை முடிந்தபின், சில்லறையில்லை, நாளைக்கு வா என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோமே! அந்த நாளை வரையும் அவன் வீட்டு அடுப்பு பொறுத்திருக்குமா?

இன்னொரு வரம்பும் உண்டு. தோட்டக்காரர் கொடுத்தது தம் சொந்தப் பொருள். பொதுப் பொருளைப் பங்கிடும் உத்தியோகத்தர் இவ்வுவமையைக் காட்டித் தமக்கு வேண்டியவரை முன்னே விட முடியாது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம். அங்கே கடைசியாக வந்தவன் முந்திக்கொண்டால், முன்னே நின்றவனுக்கு இல்லாமற் போய்விடும். அது தயையன்று, களவு. தன்னுடையதிலிருந்து கொடுப்பவனே தயாளன். பிறருடையதிலிருந்து கொடுப்பவன் தயாளனல்லன்.

மற்றுமோர் ஐயம்: இவ்வாறு கொடுத்தால் மறுநாட் காலையில் வேலைக்கு எவன் வருவான்? எல்லோரும் மாலை ஐந்து மணிக்கல்லவா வருவார்கள்? நல்ல கேள்வி. ஆனால் அப்படிக் கேட்பவன் சந்தைவெளியில் ஒருநாளும் நின்றறியாதவன். அழைப்பார் வருவாரோ வரமாட்டாரோ என்று ஏங்கி, ஒவ்வொரு காலடியோசைக்கும் தலைநிமிர்ந்து, ஏமாந்து நிற்கும் பதினொரு மணி நேரத்தை எவனும் விரும்பித் தெரிந்துகொள்ளான். விடியற்காலையில் அழைக்கப்பட்டவனுக்கு வெயில் மட்டுமே பாரம். அழைக்கப்படாதவனுக்கு அச்சமும் பாரம். இன்றிரவு வீட்டில் உணவுண்டு என்னும் நிம்மதியோடு காலை முதல் உழைத்ததும் ஒரு கூலியே. காலைக் கூலியாட்கள் அதனைத் தம் கணக்கிற் சேர்க்க மறந்துவிட்டனர்.

ஆகவே, நேயர்களே, நாளைக் காலையில் நாம் செய்யத்தக்கவை சில. நம் வீட்டு வேலைக்கு, வளவு துப்புரவுக்கு, கட்டட வேலைக்கு வருபவரின் கூலியை, அவர் வாய்திறந்து கேட்குமுன், பொழுது சாயுமுன் கொடுப்போம். ஆள் தெரிந்தெடுக்கும்போது, வலியவரை மட்டும் நோக்காமல், ஒருவரும் அழைக்காதவரையும் ஒருமுறை நோக்குவோம். அவர் செய்யத்தக்க வேலையொன்று நம்மிடம் இருக்கலாம். கந்தோரிலோ பாடசாலையிலோ குடும்பத்திலோ பிறர்க்குக் கிடைத்த நன்மையைக் கண்டு நெஞ்சு எரியும்போது, வாய் பேசுமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். எனக்குச் சொன்னது எனக்குக் கிடைத்ததா? என்னுடையதில் ஏதேனும் குறைந்ததா? அவன் பசி என் பசியிலும் சிறிதா?

முதற் கேள்விக்கு இல்லை என்றோ இரண்டாவதற்கு ஆம் என்றோ விடை வருமாயின், தயங்காமல் நீதி கேட்போம். அவ்வாறன்றி நமக்குரியது நம் கையில் முழுமையாக இருக்குமாயின், அந்தக் காசை முடிந்துகொண்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்கு நடப்போம். அதே பாதையில், நமக்குச் சற்று முன்னாலே, அந்திக்கு வந்தவனும் போய்க்கொண்டிருப்பான். வெறுங்கையோடு போகவேண்டியிருந்தவன் இன்று அப்பம் வாங்கிப் போகிறான். அவன் வீட்டு அடுப்பிலும் இன்று புகை எழும். அதனைக் கண்டு களிக்கும் கண் நமக்கு வாய்க்குமாயின், நாம் பெற்ற ஒரு தெனாரியம் இரண்டாகப் பெருகியது போலாகும்.